ஊராட்சிக் கணக்கில் பணம் இருந்தும் எங்கள் தெருவுக்குப் பாலம் வரவில்லை. இந்த வரிப்பணத்தை யார் பிரிக்கிறார்கள்?

வாய்க்கால்கரை:

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊராட்சியில் 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை வார்டு உறுப்பினராக இருந்தேன். பதவி முடிந்துவிட்டது, ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் தெருவுக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அதன் மேல் இருந்த சின்னப் பாலம் ஒரு மழையில் உட்கார்ந்துவிட்டது. 40 வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அந்த வழி, பால் கொண்டுபோவது அந்த வழி, யாராவது இறந்துபோனால் தூக்கிப்போவதும் அதே வழிதான். மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். செயலர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே காட்டினார், மறைக்கவில்லை. பணம் இருந்தது. ஆனால், "இது டைடு பணம்மா, குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் எடுக்கணும், பாலத்துக்குத் தொட முடியாது" என்றார். அன்டைடு என்று, அதாவது நிபந்தனை இல்லாமல் வந்ததை அந்த வருடம் ஏற்கெனவே இன்னொரு தெரு சிமெண்ட் சாலைக்குத் தீர்மானம் போட்டு எடுத்தாகிவிட்டது. எஸ்.எஃப்.சி. பணம் என்று மாநில அரசிடமிருந்து மாதாமாதம் வருவது கரண்ட் பில்லுக்கும் டேங்க் ஆபரேட்டர் சம்பளத்துக்கும் தெருவிளக்குக்குமே பற்றவில்லை. ஊராட்சி ஒன்றியத்துக்கு மனு, கலெக்டர் ஆபீஸுக்கு மனு என்று ஐந்து வருடம் போனது. இன்றைக்கும் இரண்டு தென்னை மரத்தைப் போட்டுத்தான் தாண்டுகிறோம்.

என் கேள்வி இதுதான். எங்கள் தெருவில் சோப்பு வாங்குகிறவரும் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவரும் வரி கட்டுகிறார். அந்தப் பணம் டெல்லிக்கு எவ்வளவு, சென்னைக்கு எவ்வளவு, எங்களுக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? எங்கள் ஊருக்கு எது அவசரம் என்று எங்களைக் கேட்காமலே ஒவ்வொரு ரூபாய்க்கும் எப்படிப் பேர் எழுதி அனுப்புகிறார்கள்? நான் பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன், புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

வடசென்னைவாசி:

அக்கா, முதல் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன், ஊராட்சி விவரம் தெரிந்தவர்கள் மீதியைச் சொல்லட்டும்.

வருமான வரி, கம்பெனி வரி, சுங்கம், ஒன்றிய ஜி.எஸ்.டி. எல்லாம் டெல்லி வசூலிப்பது. மாநில ஜி.எஸ்.டி., பெட்ரோல் மேல் போடும் வாட், மது, முத்திரைத்தாள், வாகன வரி இவை மாநிலத்துக்கு. பெரிய, வேகமாக வளரும் வரிகள் டெல்லியிடம் இருக்கின்றன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் மாதிரி பெரிய செலவுகள் மாநிலத்திடம். 15ஆவது நிதி ஆணையமே ஒரு கணக்குக் கொடுத்தது: 2018-19இல் நாட்டின் மொத்த அரசு வருவாயில் 62.7% ஒன்றியம் திரட்டியது, மொத்தச் செலவில் 62.4% மாநிலங்கள் செய்தன. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அரசியலமைப்பின் 280ஆவது பிரிவில் நிதி ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குடியரசுத் தலைவர் அமைப்பது. முதல் ஆணையம் 1951இல் கே.சி. நியோகி தலைமையில் வந்தது.

ஆணையம் இரண்டு வேலை செய்யும். டெல்லி வசூலித்து மாநிலங்களோடு பங்கு போடும் பொதுத் தொகுப்பில் மாநிலங்களுக்கு மொத்தமாக எவ்வளவு என்பது ஒன்று. 14ஆவது ஆணையம் 42% என்றது, 15ஆவது 41%, ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசம் ஆனதால் அந்த ஒரு சதவீதம் குறைந்தது. அந்த 41ஐ எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பது இன்னொன்று. 2021-26க்கு அளவுகோல் இப்படி: தனிநபர் வருமானத்தில் எவ்வளவு பின்தங்கி இருக்கிறது என்பதற்கு 45, 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காட்டுக்கு 10, வரி வசூல் முயற்சிக்கு 2.5. இதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079%. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. 1995-2000இல் நமக்கு 6.637 இருந்தது, 2005-10இல் 5.305 ஆனது, 2015-20இல் 4.023 வரை போனது. ஏழை மாநிலத்துக்கு அதிகம் போகட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. பீகாரில் ஒரு குழந்தை படிப்பதும் நம் பொறுப்புதான். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் பங்கில் இவ்வளவு இழக்க வேண்டுமா என்று கேட்பதும் நியாயம்தானே.

இதைவிட எனக்குக் கோபம் வருவது செஸ், சர்சார்ஜ் விஷயத்தில், அதாவது வழக்கமான வரிக்கு மேல் டெல்லி போடும் கூடுதல் வரிகள். இந்தப் பேரில் வசூலிப்பது பொதுத் தொகுப்புக்குள்ளேயே வராது, அதனால் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. 2011-12இல் ஒன்றியத்தின் மொத்த வரியில் இது சுமார் 10%, 2020-21இல் சுமார் 20%. பெட்ரோலையே எடுங்கள். 2021 நவம்பரில் லிட்டருக்கு ஒன்றிய எக்சைஸ், அதாவது கலால் வரி, 27 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கு போடும் அடிப்படை எக்சைஸ் எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு. மீதி எல்லாம் சாலை செஸ், விவசாய செஸ், சிறப்புக் கூடுதல் தீர்வை. 41% என்று பேப்பரில் இருந்தாலும் மொத்த வசூலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் மாநிலங்களுக்கு வந்து சேர்கிறது. உங்கள் பாலத்துக்கான காசு முதலில் டெல்லியில்தான் நிற்கிறது அக்கா.

கணக்குப்பிள்ளை:

தம்பி சொன்ன எண்கள் சரி. ஆனால் பாலம் டெல்லியில் மட்டும் நிற்கவில்லை. நான் 31 வருடம் உள்ளாட்சித் தணிக்கையில் வேலை பார்த்தவன். எத்தனையோ ஊராட்சிகளின் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அம்மா கேட்டதை நான் ஊர்ப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஊராட்சிக்குப் பணம் வரும் வழி நான்கு. சொந்த வரி முதலாவது: வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், லைசன்ஸ் கட்டணம். அப்புறம் அரசு வசூலித்து ஊராட்சிக்குக் கொடுப்பது, முத்திரைத்தாள் மேல்வரி, கல் மணல் குவாரிக் கட்டணம் போன்றவை. சென்னை, கோவை ஓரத்தில் மனை விற்கும் ஊராட்சிக்கு இந்த முத்திரைத்தாள் பணம் நன்றாக வரும். நெல் வயல் மட்டும் இருக்கிற ஊரில் யார் மனை வாங்கப் போகிறார்கள், குவாரி எங்கே இருக்கிறது? ஆக டெல்டா ஊராட்சிக்கு இந்த வழி கிட்டத்தட்ட அடைத்தே இருக்கும். மூன்றாவது மாநில நிதி ஆணைய மானியம், அதுதான் நீங்கள் சொல்லும் எஸ்.எஃப்.சி. நான்காவது ஒன்றிய நிதி ஆணைய மானியம், சி.எஃப்.சி. என்பார்கள்.

எஸ்.எஃப்.சி. எப்படி என்றால், உள்ளாட்சிகளுக்காக அரசியலமைப்பில் 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் வந்த பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தன் நிதி ஆணையத்தை அமைக்க வேண்டும் என்று 243-ஐ பிரிவு சொல்கிறது. தமிழ்நாடு இதில் மோசமில்லை, ஆணையம் அமைப்பதையே இழுத்தடித்த மாநிலங்கள் உண்டு. நம் 5ஆவது ஆணையத்தின் காலத்தில், அதாவது 2017-22இல், மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10% உள்ளாட்சிகளுக்கு. அதில் ஊரகத்துக்கு 56, நகரத்துக்கு 44. ஊரகப் பங்கிலும் கிராம ஊராட்சி 55, ஊராட்சி ஒன்றியம் 37, மாவட்ட ஊராட்சி 8. அம்மா, காகிதம் பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள்: மாநிலம் 100 ரூபாய் சொந்த வரி வசூலித்தால் கிராம ஊராட்சிகள் அத்தனைக்கும் சேர்த்துத் தோராயமாக 3 ரூபாய். அதை 12,525 ஊராட்சிகள் பங்கு போட வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். டெல்லியிலிருந்து மாநிலத்துக்கு வரும் வரிப் பங்கு இந்தப் பத்து சதவீதக் கணக்கிலேயே இல்லை, மாநிலத்தின் சொந்த வரி மட்டும்தான்.

சி.எஃப்.சி.யில் 15ஆவது ஆணையம் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2021-26க்கு நாடு முழுதும் 2,36,805 கோடி ஒதுக்கியது. சின்னத் தொகை இல்லை. ஆனால் 60% டைடு, பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு. மீதி 40% அன்டைடு, அதிலும் சம்பளம், அலுவலகச் செலவு செய்யக் கூடாது. சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், தணிக்கையில் பார்த்த சில விஷயங்களுக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் குழாய் ஏற்கெனவே போட்டு முடித்த ஊரில் திரும்பத் திரும்பத் தண்ணீர்த் தொட்டிக்கே காசு ஒதுக்கி, பக்கத்தில் பாலம் உடைந்து கிடப்பதை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். புத்தகம் சுத்தமாக இருக்கும், எழுதுவதற்கு ஆட்சேபணை ஒன்றும் இருக்காது. எழுந்து வெளியே வந்தால் ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் ஐந்து வருடத்தில் வீட்டுவரியை எத்தனை முறை திருத்தினீர்கள்?

வாய்க்கால்கரை:

கோபம் ஒன்றும் இல்லை ஐயா. ஒருமுறைகூடத் திருத்தவில்லை. கூட்டத்தில் பேச்சு வந்தது, வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. கொரோனா நேரம், வேலை இல்லை, நூறு நாள் வேலைக் கூலியை வைத்துச் சாப்பிடுகிற வீட்டில் போய் வரியை ஏற்று என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரி, மாடி வீட்டுக்காரர்களுக்காவது ஏற்றியிருக்கலாம், அது தப்புதான். ஆனால் எங்கள் ஊரில் மொத்த வீட்டுவரியையும் இரண்டு மடங்காக்கினாலும் அந்தப் பாலத்தின் ஒரு பக்கச் சுவர்கூட வராது. இதையும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. வராது.

பாலக்காட்டுத் தமிழன்:

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு தகவல். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்தபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்கு என்று ஒதுக்கினார்கள். பட்ஜெட்டோடு 4ஆம் பின்னிணைப்பு என்று ஒரு புத்தகம் வரும், அதில் ஒவ்வொரு பஞ்சாயத்தின் பேரும் அதற்கு எவ்வளவு என்பதும் அச்சிட்டிருக்கும். வருட ஆரம்பத்திலேயே எங்கள் பஞ்சாயத்துக்கு இவ்வளவு என்று டீக்கடையில் உட்கார்ந்து பேச முடியும். எல்லாம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன், பணம் கடைசி மாதத்தில் அவசர அவசரமாகச் செலவாவதும், மாநிலத்துக்கு நெருக்கடி வந்தால் தவணை தள்ளிப்போவதும் இங்கேயும் உண்டு. ஆனால் என்ன வரப்போகிறது என்பது முன்னாடியே தெரிவது பெரிய பலம்.

டர்பன் கடலோரம்:

நான் நாகை மாவட்டம், வேலைக்காக எட்டு வருடமாகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கிறேன். அக்காவின் கேள்வியைப் படித்ததும் எழுதவேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இங்கே இதே விஷயத்தை வேறு மாதிரி செய்கிறார்கள்.

1996 அரசியலமைப்பில் இவர்கள் தேசம், மாகாணம், உள்ளாட்சி என்ற மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்று என்று எழுதவில்லை, மூன்றும் தனித்தனி ஆனால் ஒன்றையொன்று சார்ந்த அரசுகள் என்று எழுதினார்கள். 214ஆவது பிரிவு, நாட்டின் வருவாயை இந்த மூன்றுக்கும் நியாயமாகப் பிரிக்க ஒரு சட்டம் வேண்டும் என்கிறது. அதனால் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டோடு வருவாய்ப் பங்கீட்டுச் சட்டம் என்று தனியாக ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறும். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 9 மாகாணத்துக்கும் 257 நகராட்சிகளுக்கும் இந்த வருடம் எவ்வளவு, அடுத்த இரண்டு வருடம் தோராயமாக எவ்வளவு என்று பேர் போட்டு இருக்கும். கேரள நண்பர் சொன்ன பின்னிணைப்பு மாதிரிதான், ஆனால் நாடு முழுமைக்கும். கிராமப்புறமும் ஏதாவது ஒரு நகராட்சிக்குள்தான் வரும், நம் ஊர் மாதிரித் தனி ஊராட்சி கிடையாது.

கடன் வட்டி போன்றவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதில் தேசிய அரசுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவு, மாகாணங்களுக்கு 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, நகராட்சிகளுக்குப் பத்தை ஒட்டி. நகராட்சிக்கு வெறும் பத்தா என்று தோன்றும். ஆனால் சொத்துவரியும் மின்சாரம், தண்ணீர் விற்கும் வருமானமும் நகராட்சிக்கே, அதனால் டர்பன் மாதிரிப் பெரிய நகரம் தன் காசில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. மாகாணங்களின் நிலைதான் தலைகீழ், அவர்களுக்குச் சொந்த வரி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வாகன லைசன்ஸ், சூதாட்டக் கட்டணம் அளவில்தான். மாகாணப் பங்கில் கல்விக்கு 48, மருத்துவத்துக்கு 27 என்று எடை போட்டுக் கணக்கிடுகிறார்கள், ஆனால் அது கணக்குப் போடுவதற்கு மட்டும்தான். வந்த பணத்தை எதற்குச் செலவு செய்வது என்று மாகாணம் முடிவு செய்யும். நகராட்சியின் பங்கும் அப்படியே, ஏழைக் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணித் தொகையைப் போடுவார்கள், செலவை அந்த மன்றம் முடிவு செய்யும். ஜூலை, டிசம்பர், மார்ச் என்று மூன்று தவணையில் வரும். நிபந்தனையோடு வரும் மானியங்களும் தனியாக உண்டு, அது இல்லை என்று சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய நகராட்சிகள் திவால் நிலையில் இருக்கின்றன. மின்சார நிறுவனமான எஸ்காமுக்கு நகராட்சிகள் வைத்திருக்கும் பாக்கி ஆயிரக்கணக்கான கோடி ராண்ட். வேலை இல்லாத ஊரில் யாரிடம் சொத்துவரி வசூலிப்பது? இங்கே பழைய நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த பகுதிகளில் குழாய், ரோடு, தொழில் ஒன்றுமே போடாமல் விட்டதால், அந்தப் பகுதி நகராட்சிகள் இன்றைக்கும் முழுக்க முழுக்க தேசியப் பங்கை நம்பித்தான் இருக்கின்றன. பணம் போய்ச் சேர்ந்தும் தண்ணீர் வராத ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்குப் பிடித்த ஒன்று, உள்ளாட்சியின் பங்கு மாகாணத்தின் தயவில் இல்லை. அரசியலமைப்பே அவர்களை ஒரு பங்காளியாக உட்கார வைத்திருக்கிறது.

வடசென்னைவாசி:

நல்ல தகவல். ஆனாலும் நம் ஊர் நிலைமையில் வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். டெல்லி தரவேண்டியதைத் தந்தால் மாநிலம் ஊராட்சிக்கு அதிகம் தரும். 16ஆவது நிதி ஆணையத்திடம் தமிழ்நாடு 50% கேட்டது அதற்காகத்தான். ஒன்றிய-மாநில உறவை ஆராய 1969இல் ராஜமன்னார் குழு அமைத்த காலத்திலிருந்து நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம் இது. மாநிலமே கைகட்டி நிற்கும்போது ஊராட்சிக்கு எங்கிருந்து கொடுப்பது? ஊராட்சியைக் காரணம் காட்டி டெல்லி நேரடியாக ஊருக்குப் பணம் அனுப்பி மாநிலத்தை ஓரம் கட்டுவதும் ஆபத்து.

வாய்க்கால்கரை:

தம்பி, டெல்லியிடம் அதிகம் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். பெட்ரோல் கணக்கைப் படித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் நீங்கள் டெல்லியைப் பார்த்துச் சொல்வதை எல்லாம் நான் ஐந்து வருடம் உட்கார்ந்த இடத்திலிருந்து சென்னையைப் பார்த்தும் சொல்ல முடியும். எங்கள் தேவை எங்களுக்குத் தெரியும், நிபந்தனை போடாதே, செஸ் போட்டுப் பங்கைக் குறைக்காதே என்று மாநிலம் கேட்கிறது. அதே மாநிலம் எங்களுக்கு 100க்கு 3 ரூபாய் அனுப்பிவிட்டு, அதையும் கரண்ட் பில்லுக்கு என்று ஊராட்சியின் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கி வைக்கச் சொல்கிறது. எங்கள் தேவை எங்களுக்குத் தெரியாதா?

இன்னொன்று, வரிசை என்று சொன்னீர்களே. 2016இல் முடிந்த மன்றங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் 27 மாவட்டத்துக்கு. மற்ற 9 மாவட்டத்துக்கு 2021 அக்டோபர் ஆனது. மன்றம் இல்லாத அந்த வருடங்களில் ஒன்றிய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது, கணக்குப்பிள்ளை ஐயாவுக்குத் தெரியும். எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் மறுபடி மன்றத்துக்குப் பதிலாக அரசு போடும் தனி அலுவலர்தான் வந்தார். இதில் டெல்லியின் தப்பு என்ன இருக்கிறது? தேர்தல் நடத்துவது மாநிலத்தின் கையில்தானே இருக்கிறது. பெண்களுக்குப் பாதி இடம் என்று கொடுத்ததால்தான் என்னை மாதிரி ஒருத்தி உள்ளே வந்தேன், அதற்கு நன்றி. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தபிறகு கையில் ஒன்றும் இல்லை என்றால் எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

வடசென்னைவாசி:

தேர்தல் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம் அக்கா. அதை நான் யோசிக்கவில்லை. 10 சதவீதத்தை ஏற்ற வேண்டும், நிபந்தனை இல்லாத பங்கு கூட வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். இரண்டு கோரிக்கையையும் ஒரே மூச்சில் வைக்க வேண்டும், ஒன்று முடிந்தபின் இன்னொன்று என்று நான் சொன்னது தவறு.

கணக்குப்பிள்ளை:

அம்மா, மன்றம் இருக்கிறதோ இல்லையோ, கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் காலத்திலும் கூட்டியாக வேண்டும். போவதற்கு முன் ஈ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒன்றிய மானியம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் யாருக்கு என்ன தொகை போனது என்பது வவுச்சர் வரைக்கும் இருக்கும். அதை அச்சு எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும், தாளைக் காட்டிக் கேட்டால் வேறு மாதிரி வரும்.

கேட்க வேண்டியது: ஊராட்சியின் வங்கிக் கணக்குகளில் இன்றைய கையிருப்பு எவ்வளவு, அன்டைடு இருப்பு தனியாக எவ்வளவு, அடுத்த வருடத் திட்டத்தில் பாலம் எத்தனையாவது வேலையாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது கேள்விதான் முக்கியம். திட்டத்தில் பேர் இல்லாத வேலைக்கு அன்டைடு பணமும் எடுக்க முடியாது, பலர் இதைத் தெரியாமல் பணம் வந்தபின் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தீர்மானத்தில் வேலையின் பேர், இடம், தோராயத் தொகை மூன்றும் எழுதச் சொல்லுங்கள், "சாலை மற்றும் பாலப் பணிகள்" என்று மொத்தமாக எழுத விடாதீர்கள். எழுதிய பக்கத்தைக் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வாய்க்கால்கரை:

ஐயா, இது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்து வருடமும் பணம் வந்ததா வந்ததா என்றுதான் கேட்டிருக்கிறேன், திட்டத்தில் எத்தனையாவது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இப்போதுதான் என் தம்பி மகளை விட்டு அந்தத் தளத்தில் பார்க்கச் சொன்னேன். இந்த வருடத் திட்டத்தில் 19 வேலை இருக்கிறது, எங்கள் பாலம் இல்லை. அடுத்த சபைக்கு 40 வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வருகிறோம்.